ஐந்து மிச்சம்

சீட் பெல்ட்டின் கொக்கி சத்தமில்லாமல் உள்ளே போய் விழுந்தது.

சாவியைத் திருப்பப் போன வெல்டன் டீக் கையை அப்படியே நிறுத்தினான். நான்கு வருஷமாக அந்தக் கொக்கி அவனுடைய வலது இடுப்பில் ஒரு கெட்டிப் பொருள்மேல் ‘டக்’ என்று இடித்துவிட்டுத்தான் உள்ளே போகும். தினம் இருபது தடவை நடந்ததால் அந்தச் சத்தம் அவன் காதில் விழுவதே இல்லை. இன்று அது வராதபோதுதான் அப்படி ஒரு சத்தம் இருந்ததே அவனுக்கு ஞாபகம் வந்தது.

சட்டைக்கு மேலாகக் கையை வைத்துப் பார்த்தான். துணி. பெல்ட். அதற்குக் கீழே அவனுடைய சொந்தச் சதை, மெத்தென்று.

வெளியே நவம்பர் மாதத்துக் காற்று அறுத்த சோளத்தாள்களை வயல் நெடுகத் துரத்திக்கொண்டிருந்தது. வட்டப் பாசன எந்திரம் ஒன்றைப் பழுது பார்க்க வந்த இடம் அது. கால் மைல் நீளத்துக்கு, சக்கரம் வைத்த எலும்புக்கூடு மாதிரி அது வயலின் நடுவே நின்றது. சேற்றில் குனிந்து நிமிர்ந்து ஒரு மணி நேரம் வேலை பார்த்திருக்கிறான். அப்போதும் தெரியவில்லை. இருக்கைக்கு அடியில் தேடினான், கருவிப் பெட்டியைக் கொட்டிப் பார்த்தான், எந்திரம்வரை நடந்துபோய்த் தன் பூட்ஸ் தடங்களின் ஓரத்தில் காலால் சேற்றைக் கிளறினான். தேடும்போதே அது எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டிருந்தது.

நாற்பது மைல் கிழக்கே, நெடுஞ்சாலைச் சந்திப்பில் ஒரு பெட்ரோல் பங்க். அதன் கழிப்பறை. காற்சட்டையை இறக்கினால் உறை தலைகீழாகத் தொங்கி, துப்பாக்கி தரையில் விழுந்துவிடும் என்பதால், உறையோடு கழற்றிக் காகிதச் சுருள் மாட்டியிருந்த தகரப் பெட்டியின் மேல் வைத்தான். அந்த நேரம் பார்த்து இந்த வயல்காரர் ஃபோனில் கத்த ஆரம்பித்தார். ஒரு கையில் ஃபோன், வெளியே வந்ததும் மறு கையில் காபி. பெல்ட்கூடப் போடாமல் வண்டியை எடுத்தான்.

ஏழு தோட்டா. மேகசினில் ஆறு, குழலுக்குப் பின்னால் தயாராக ஒன்று. உறையின் பின்பக்க மடிப்பில் அவனுடைய உரிம அட்டை. அட்டையில் அவன் முகம், பெயர், வீட்டு முகவரி.

திரும்பி ஓட்டினான்.

டெக்ஸஸின் அந்த வடக்கு மூலையில் சாலை ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி போகும். பின்னால் வருகிற வண்டி பத்து நிமிஷத்துக்குக் கண்ணாடியிலேயே நிற்கும். ஒரு லாரி அவன் வாலில் ஒட்டிக்கொண்டு விளக்கைச் சிமிட்டியது. நேற்றாக இருந்தால் அவன் வேகத்தை இன்னும் குறைத்திருப்பான், வேண்டுமென்றே. இறங்கி வருகிறாயா, வா என்று. இன்று ஓரம் கட்டி வழி விட்டான். லாரிக்காரன் கடக்கும்போது நடுவிரலைக் காட்டினான். வெல்டன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இடுப்பில் அந்த வெற்றிடம் குளிர்ந்து கிடந்தது, பல் பிடுங்கிய இடம் மாதிரி.

துணை ஷெரிஃபைக் கூப்பிடலாம் என்று தோன்றாமல் இல்லை. ஆனால் துணை ஷெரிஃப் கார்லண்ட் அவனோடு ஒரே சர்ச்சுக்கு வருகிறவர். போன வருஷம் அதே சர்ச் கழிப்பறையில் ஹாலிஸ் என்ற கிழவர் தன் துப்பாக்கியை மறந்து வைத்துவிட்டு வந்தபோது, அத்தனை பேர் முன்னாலும் எழுந்து நின்று அவரைச் சர்ச்சின் காவல் குழுவிலிருந்து எடுக்கச் சொன்னவன் வெல்டன். “பெத்த புள்ளய பஸ்ல மறந்துட்டு வர்ற ஆளு இவரு. இவரு நம்மளக் காப்பாத்தப் போறாராம்!” எல்லோரும் சிரித்தார்கள். ஹாலிஸ் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அவர் சர்ச்சுக்கே வரவில்லை.

முதலில் போய்ப் பார்ப்போம் என்று முடிவு செய்தான். அங்கேயே இருக்கும்.

பங்கின் கழிப்பறையில் பினாயில் நெடியும் யாரோ குடித்துவிட்டுப் போன சுருட்டின் வாடையும் இருந்தன. தகரப் பெட்டியின் மேல் ஒன்றுமில்லை. தூசியில் மட்டும், கையகலத்துக்கு, ஒரு சுத்தமான இடம்.

கல்லாவில் அறுபது வயதுப் பெண் ஒருத்தி பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டையில் ‘ட்வைலா’ என்று பெயர் குத்தியிருந்தது.

“கழிப்பறைல ஏதாவது கிடைச்சுதுன்னு யாராவது குடுத்தாங்களாம்மா?”

“என்னது?”

“ஒரு… உறை.”

“என்ன உறை? தலகாணி உறையா?”

அவன் கை தானாக இடுப்புக்குப் போனது. அவள் கண்ணாடிக்கு மேலாக அவன் முகத்தைப் பார்த்தாள், பிறகு இடுப்பைப் பார்த்தாள். பேப்பரை மடித்து வைத்தாள்.

“ஓகோ. அந்த உறையா! இந்த வருஷத்துல நீ மூணாவது ஆளுய்யா. மொத ரெண்டு பேரும் இங்க நின்னு அழுதானுங்க. நீ எப்படி, அழுவியா?”

“எனக்கு அப்புறம் யார் உள்ள போனாங்கன்னு மட்டும் சொல்லுங்க.”

“நான் என்ன கக்கூசுக்குக் காவலா?” என்றாள். அப்புறம், சுவாரசியம் தட்டியவள் போல, “ஒரே ஒருத்தன்தான். சாம்பல் கலர் பிக்கப். ரொம்ப நேரம் உள்ள இருந்தான். வெளிய வந்து பல்லத் துலக்குற ப்ரஷ் ஒண்ணு வாங்கினான். நல்ல தன்மையா பேசினான், உன்ன மாதிரி உர்ருனு இல்ல. வழி கேட்டான்.”

“எங்க போறதுக்கு?”

“ஏதோ பண்ணைச் சாலை. ஆயிரத்து நானூத்திப் பன்னெண்டு.”

அது வெல்டனின் வீட்டுச் சாலை. அந்தச் சாலையில் வேறு வீடு கிடையாது.

“எப்போ?”

“ரெண்டு மணி நேரம் இருக்கும். என்னய்யா, மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துப் போச்சு? துப்பாக்கி வெச்சிருக்கிற ஆம்பளைங்களுக்கு பயமே கிடையாதுன்னு நெனச்சேன்.”

முதல் தடவை அடித்தபோது அவன் மனைவி நெல்டா ஃபோனை எடுக்கவில்லை. இரண்டாவது தடவையும் எடுக்கவில்லை. பங்கிலிருந்து வீட்டுக்கு ஐம்பது நிமிஷம். அவன் தொண்ணூறு மைல் வேகத்தில் போய்க்கொண்டிருந்தான். மூன்றாவது தடவை எடுத்தாள். பின்னணியில் வானொலியும் குழாய்த் தண்ணீரும் கேட்டன.

“என்ன வெல்டன், மூச்சு வாங்குது உனக்கு?”

“எங்க இருக்க?”

“எங்க இருப்பேன், வீட்லதான். இரு… வாசல்ல யாரோ வண்டி நிறுத்துறாங்க.”

“யாரு?”

“தெரியல. சாம்பல் கலர் வண்டி. தொப்பியக் கழட்டிட்டுச் சிரிக்கிறார். உனக்குத் தெரிஞ்சவரா?”

கதவைப் பூட்டு என்று சொல்ல ஒரு விநாடி போதும். அந்த வார்த்தை அவன் வாய்வரை வந்தது. ஆனால் ஏன் என்று அவள் கேட்பாள். வீட்டுக்குள் துப்பாக்கி வந்த நாளிலிருந்து இப்படி ஒன்று நடக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தவள் அவள். அதற்கு என்ன பதில் என்று அவன் யோசித்தான். யோசித்த அந்த நேரம் எவ்வளவு என்று பிறகு அவனால் கணக்குப் போட முடியவில்லை. “நெல்டா,” என்றபோது லைன் போயிருந்தது.

சிக்னல் ஒரு கோடு வந்தது, போனது. அவசர எண்ணின் ஒன்பதை அழுத்தினான். ஒன்றை அழுத்தினான். என்ன சொல்வது? என் வீட்டு வாசலில் ஒருவன் நிற்கிறான். ஆயுதம் இருக்கிறதா? இருக்கிறது. யாருடையது? கட்டைவிரல் கண்ணாடித் திரைக்கு மேலே, தொடாமல், நின்றது. கோடு மறுபடி மறைந்தது. அது மறைந்ததில் அவனுக்கு ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை அவன் கவனிக்கவும் செய்தான்.

வீட்டுக்கு மூன்று மைல் இருக்கும்போது எதிரே ஒரு வண்டி வந்தது. சூரியன் தரையோடு தரையாக இறங்கி முகத்தில் அடித்ததால் அதன் நிறம் தெரியவில்லை. அந்தப் பக்கத்து வழக்கப்படி எதிர்வண்டிக்காரர் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலைத் தூக்கி வணக்கம் சொன்னார். வெல்டனும் பழக்கத்தில் இரண்டு விரலைத் தூக்கினான். வண்டி கடந்துபோனது. பின்கண்ணாடியில், புழுதிக்கு நடுவே, அது சாம்பல் நிறமாக மாறிக்கொண்டிருந்தது.

தூக்கிய விரலைக் கீழே இறக்க அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

வீட்டுச் சமையலறையில் விளக்கு எரிந்தது. கதவு திறந்தே இருந்தது. நெல்டா அவனுக்கு முதுகைக் காட்டியபடி தொட்டியருகே நின்று உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். உயிரோடு. வெல்டன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான்.

“வந்துட்டியா?” என்றாள் திரும்பாமல்.

“உனக்கு ஒண்ணும் ஆகலையே?”

“எனக்கு என்ன ஆகணும்? உன் சாமான் மேஜை மேல இருக்கு.”

இருந்தது. மேஜை விரிப்பின் நடுவில், உப்புக் குப்பிக்கும் மிளகுக் குப்பிக்கும் இடையில், உறையோடு. பக்கத்தில் உரிம அட்டை, முகம் மேலே தெரியும்படி. ஒரு காலிக் காபிக் கோப்பை.

“எங்கியோ விட்டுட்டு வந்தியாமே. பாவம், அவ்வளவு தூரம் தேடிக் கொண்டாந்து குடுத்தார். நாலு வருஷமா அத சாப்பாட்டு மேஜைல வெக்காதேன்னு நான் கத்தினேன். இன்னிக்கு நானே வெச்சேன்.”

“நீயா? நீ ஏன் அதத் தொட்ட?”

தோல் சுருள் சுருளாகத் தொட்டியில் விழுந்தது. அப்போதுதான் அவன் பார்த்தான்: தொட்டி நிறைய உரித்த கிழங்கு. சமையல் மேடை நெடுக உரித்த கிழங்கு. காலடியில் கிழங்குச் சாக்கு காலியாகச் சரிந்து கிடந்தது. கையில் இருப்பதும் முன்பே உரித்த கிழங்குதான். வெள்ளைச் சதையை மறுபடி மறுபடி சீவிக்கொண்டிருந்தாள்.

அவன் துப்பாக்கியை எடுத்தான். உறையிலிருந்து உருவும் முன்பே வாடை வந்தது. கரிந்த வெடிமருந்தின் கசப்பு வாடை. மேகசினைக் கழற்றினான். நான்கு. மேல்பகுதியைப் பின்னுக்கு இழுத்தான். உள்ளே ஒன்று.

“நெல்டா. எத்தன தடவை சுட்டீங்க?”

“ஒரு தடவ.”

“நல்லா யோசிச்சுச் சொல்லு.”

“ஒண்ணுதான். எனக்கென்ன எண்ணத் தெரியாதா?”

“அவனா?”

“நான்தான்.”

குழாயிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. வானொலி அணைந்திருந்தது.

“அவர் வண்டில ஒரு நாய் கிடந்துது வெல்டன். ரோட்ல யாரோ அடிச்சுப் போட்டுட்டுப் போயிட்டாங்களாம். பின்னால தார்ப்பாய்ல சுத்தி, கயித்தால கட்டி வெச்சிருந்தார். மூச்சு இழுத்துக்கிட்டு இருந்துது. ரொம்ப சித்திரவதைப்படுதும்மா, எனக்குக் கை வரலன்னு கண்ணுல தண்ணி விட்டார். நீங்க பண்ணைல பொறந்தவங்க, உங்களுக்குத் தெரியும்னார். பிரிச்சுப் பார்க்காதீங்க, மூஞ்சியே இல்ல, அப்புறம் தூக்கம் வராதுன்னார். நான் பார்க்கல. எங்க வெக்கணும்னு அவர் விரலால காட்டினார். அங்க வெச்சேன்.”

“எங்க இருக்கு இப்ப?”

“கன்னுக்குட்டிக் கொட்டாய்ல. ரெண்டு பேருமாத்தான் தூக்கிட்டுப் போனோம். கால் பக்கம் நான் புடிச்சேன்.”

“எவ்வளவு கனம் இருந்துது?”

கத்தி நின்றது.

“பெரிய நாய்,” என்றாள்.

“நெல்டா.”

“பெரிய நாய்னு சொல்றேன்ல? ஏன் என்னக் குடையுற? உன் துப்பாக்கி. நீ விட்டுட்டு வந்த. நான் ஃபோன் பேசினப்ப நீ என்ன சொன்ன? யாருன்னு கேட்ட. வேற என்ன சொன்ன?” குரல் உயரவில்லை, அது தணிந்துகொண்டே போனது. “கதவத் தொறக்காதேன்னு சொன்னியா?”

அவன் மேகசினைத் துப்பாக்கிக்குள் திரும்பச் செருகினான்.

“அவர் காபி குடிக்கறப்பகூடக் கையுறையக் கழட்டல. அப்பவே எனக்குத் தோணிருக்கணும்,” என்றாள். பிறகு, “சத்தம் போட்டுது. நாய் போடற சத்தம்தான். ஒரு தடவ மட்டும் என்னமோ சொன்ன மாதிரி இருந்துது. காத்து வேகமா அடிச்சா அப்படித்தான் கேக்கும்.”

“போறப்ப அவன் என்ன சொன்னான்?”

“அஞ்சு மிச்சம் இருக்கு, மீதிய வெல்டன் பார்த்துக்குவார்னு சொன்னார். உன் பேரச் சொல்லித்தான் சொன்னார்.”

ஏழில் ஐந்து போனால் இரண்டு. நெல்டாவுடையது ஒன்று. மற்றது எங்கே, எப்போது, எந்த ஓடைப் பாலத்துக்கு அடியில், எதன்மேல் சுடப்பட்டது? பங்கிலிருந்து வெளிவந்த அந்த ஆளுக்கு ஒரு மணி நேரம் கையில் இருந்தது. ஒரு துப்பாக்கி. அதன் எண்ணுக்கு நேரே அரசாங்கத் தாளில் வெல்டனின் கையெழுத்து. துப்பாக்கியில் வெல்டனின் ரேகை. இப்போது நெல்டாவின் ரேகையும்.

டார்ச்சை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் இறங்கினான். மற்றக் கையில் துப்பாக்கி இருப்பது பாதி வழியில்தான் தெரிந்தது. மேற்கே ஒரு சிவப்புக் கீறல் மட்டும் மிச்சமிருந்தது. காற்று நின்றுவிட்டிருந்தது. அந்த ஊரில் காற்று நிற்பது அபூர்வம். நின்றால் காதுக்குள் தன் ரத்தம் ஓடுவதே கேட்கும். பின்னால் நெல்டாவின் செருப்புச் சத்தம். அவளும் வந்தாள். ஒன்றும் பேசாமல், பத்தடி தள்ளி.

கொட்டகைக் கதவு முனகியது.

வைக்கோல் வாடை. பழைய பால்மாவு வாடை. இரண்டுக்கும் அடியில், வெதுவெதுப்பான இன்னொரு வாடை. இரும்பை நக்கினாற்போல.

டார்ச் வெளிச்சம் வைக்கோல்மேல் ஊர்ந்து போய்ப் பச்சைத் தார்ப்பாயைத் தொட்டது. அழகாகக் கட்டியிருந்தான். மூன்று இடத்தில் கயிறு. ஒவ்வொரு முடிச்சும் ஒரே மாதிரி. நடுக் கயிற்றுக்குக் கொஞ்சம் மேலே பொசுங்கிய விளிம்போடு ஒரு துளை. அதற்கு ஒரு சாண் தள்ளி, இன்னொரு துளை.

நாய் என்று சொல்லிக்கொண்டான். நாய். பெரிய நாய்.

வெளிச்சத்தை மெதுவாக நகர்த்தினான். ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு. நகர்ந்துகொண்டே இருந்தது. நாய் முடிய வேண்டிய இடத்தில் முடியவில்லை.

“கடவுளே,” என்றான். “கடவுளே. நாயா இருக்கட்டும்.”

“முடிஞ்சிருச்சா பாரு,” என்றாள் நெல்டா கதவுக்கு வெளியிலிருந்து.

அவன் மண்டியிட்டான். கயிற்றைத் தொட்டான். ஈரம்.

தார்ப்பாய் அசைந்தது.

காற்றாக இருக்கும்.

காற்று இல்லை.

மறுபடி அசைந்தது. நடுவில் உப்பியது. அமுங்கியது. நீண்ட நேரம் ஒன்றும் இல்லை. மறுபடி உப்பியது. உள்ளே தண்ணீர் கொப்புளிக்கிற மாதிரி ஒரு சத்தம். அந்தச் சத்தம் ஒரு வடிவத்துக்கு வரப் பார்த்தது. முயன்றது. ஒரு எழுத்து. அதே எழுத்து மறுபடி.

“கேக்குதா?” நெல்டாவின் குரல் தட்டையாக இருந்தது. “நான் சரியா வெக்கல போலிருக்கு. உனக்குத்தான் நல்லாக் குறி பார்க்கத் தெரியுமே. நீ முடிச்சிரு வெல்டன்.”

“நெல்டா, இது…”

“சொல்லாத.”

“இது நாய் இல்ல.”

“சொல்லாத! பெரிய நாய்.” கொட்டகைக் கதவு அவன் முதுகுக்குப் பின்னால் மெல்லச் சாத்திக்கொண்டது. வெளித் தாழ்ப்பாள் விழுந்தது. பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் சொன்னாள்: “நான் இங்கதான் இருக்கேன். சத்தம் கேட்டதும் தொறக்கறேன்.”

டார்ச் கை நழுவி உருண்டது. வெளிச்சம் தரையோடு நீண்டது.

தார்ப்பாயின் ஓரம் தூக்கியது. விரல்கள் வெளியே வந்தன. ஒன்று. இரண்டு. நான்கு. மெலிந்த விரல்கள். நகங்களில் பாதி உரிந்த நீலச் சாயம். வைக்கோலைத் தடவின. தேடின. அவனுடைய பூட்ஸைக் கண்டுபிடித்தன. அதன் நாடா கட்டியிருந்த முன்பக்கத்தில் ஏறின.

பிடித்துக்கொண்டன.

அவன் காலை இழுத்தான். விடவில்லை. குழந்தை பிடிக்கிற மாதிரி, பலமே இல்லாமல், ஆனால் விடாமல்.

வெளியே நெல்டா காத்திருந்தாள்.